அப்பாவின் தோளில் கிழிசல்: ஆபரேஷன் கட்டாயமா?

வாசகி கேட்கிறார்:

என் அப்பாவுக்கு 58 வயது. மண்டபம் பக்கம் வடகடல் கரையில் எங்கள் ஊர். நாற்பது வருடமாக வள்ளத்தில் நண்டு வலைக்குப் போகிறார். ஏழெட்டு மாதமாக வலது தோளில் வலி. விழவில்லை, அடிபடவில்லை. கையைத் தூக்கிச் சட்டை போடச் சிரமப்படுகிறார். ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ஊர் கிளினிக்கில் ஐந்தாறு வலி ஊசி போட்டார். ஒருவரிடம் நீவிவிட்டுப் பார்த்ததில் வலி கூடியதுதான் மிச்சம். மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். 'சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணில் முழு ஆழக் கிழிசல், 14 மி.மீ., தசையில் கொழுப்பு மாற்றம் இல்லை' என்று வந்தது. துளை போட்டு ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். அப்பா கத்தி வைக்க விடமாட்டேன் என்கிறார். பத்து வருடமாகச் சர்க்கரையும் இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி, பி.ஆர்.பி., பிசியோதெரபி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா? எதில் பணத்தைப் போடுவது?

எலும்பு மூட்டு மருத்துவரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதில் பெரிய பணம் போடத் தேவையில்லை. போட வேண்டியது பன்னிரண்டு வாரம். அதுதான் உங்கள் வீட்டில் பணத்தைவிடக் கஷ்டமான விஷயம் என்பதும் எனக்குத் தெரியும்.

58 வயது, அடிபடாமல் மெல்ல மெல்ல வந்த வலி, சின்னக் கிழிசல், தசை இன்னும் நல்ல நிலையில் இருப்பது. இந்த நான்கும் சேர்ந்தால் ஆபரேஷனை முதல் படியாக வைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒழுங்கான பயிற்சியை மூன்று மாதம் செய்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். தோள் ஆபரேஷன் செய்கிற நான்தான் இதைச் சொல்கிறேன். அதற்காக மதுரை டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த 'கிழிசல்' என்ற வார்த்தையைப் பற்றிப் பேசுவோம். நம்ம ஊரில் முட்டி, தோள், கணுக்கால் எங்கே வலித்தாலும் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்று சொல்லிவிடுகிறோம். உங்கள் அப்பாவுக்குக் கிழிந்திருப்பது ஜவ்வு அல்ல, தசைநாண். தசையை எலும்போடு கட்டி வைக்கிற நார்க் கயிறு. தோள்மூட்டின் பந்தைச் சுற்றி இப்படி நான்கு தசைகளின் நாண்கள் சேர்ந்து ஒரு உறை போல மூடியிருக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்பது இதைத்தான். அந்த நான்கில் மேல்பக்கம் இருப்பது சுப்ராஸ்பைனேட்டஸ். அதிகமாகக் கிழிவதும் அதுதான்.

பாய் வள்ளத்தில் பாய்மரத்தை எப்படி நிறுத்துவார்கள் என்று அப்பாவிடமே கேளுங்கள். நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு கயிற்றில் நாலு புரி அறுந்தால் உடனே மரம் சாய்ந்துவிடாது. மற்றக் கயிறுகளைச் சரியாக இழுத்துக் கட்டினால் நிற்கும், பாயும் விரிக்கலாம். ஆபரேஷன் இல்லாத சிகிச்சை என்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான். முழு ஆழத்துக்கும் கிழிந்த தசைநாண் பயிற்சியால் ஒட்டிக்கொள்ளாது. ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தாலும் கிழிசல் அங்கேதான் இருக்கும். ஆனால் மிச்சமுள்ள நாண்களும், வெளியே இருக்கிற டெல்டாய்டு தசையும், பின்பக்கத் தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கிற தசைகளும் அந்த வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும். வலி குறையும், கை தூக்க வரும். 'ஒட்டுமா' என்று கேட்டால் ஒட்டாது. 'கை வேலை செய்யுமா' என்று கேட்டால், பெரும்பாலும் செய்யும்.

இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தோளில் எந்த வலியும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 100-க்கு 34 பேருக்குத் தசைநாணில் ஏதோ ஒரு கிழிசல் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 54 பேருக்கு. எல்லாருமே வலி என்றால் என்னவென்று தெரியாமல் நடமாடியவர்கள். உங்கள் ஊர்க் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களை வரிசையாக ஸ்கேன் எடுத்தால் எத்தனை பேருக்குக் கிழிசல் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நரை விழுவது போல வயதோடு வருவது அது. ஸ்கேனில் தெரிகிற கிழிசலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் பாதி ஊரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிப் போக வேண்டியிருக்கும்.

சரி, வலி இருக்கிறவர்களுக்கு என்ன ஆகிறது? உங்கள் அப்பாவைப் போலவே அடிபடாமல் வந்த முழு ஆழக் கிழிசல் உள்ள 452 பேரை அமெரிக்காவில் ஒரு மருத்துவர் குழு பயிற்சியில் போட்டுக் கவனித்தது. முடிவு 2013-இல் வந்தது. இரண்டு வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் கால்வாசிக்கும் குறைவு. அப்படிப் போனவர்களிலும் பெரும்பாலோர் முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் முடிவெடுத்தவர்கள். மூன்று மாதம் தாக்குப்பிடித்துவிட்டால் பிறகு ஆபரேஷன் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம்தான். நான் பன்னிரண்டு வாரம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். பின்லாந்தில் 55 வயதைத் தாண்டியவர்களின் 180 தோள்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி மட்டும். இன்னொன்றுக்கு நாணுக்கு மேலே இருக்கிற தோள் எலும்பைக் கொஞ்சம் சீவிவிட்டுப் பயிற்சி. மூன்றாவதுக்கு நாணையும் தைத்துப் பயிற்சி. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

அந்த 452 பேர் ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இன்னொன்று. யார் ஆபரேஷனுக்குப் போவார்கள் என்பதை முன்கூட்டிச் சொன்னதில் முதலிடம் கிழிசலின் அளவுக்கு இல்லை. 'பயிற்சியால் எனக்குப் பயன் இருக்கும்' என்று ஆரம்பத்தில் அந்த ஆள் நம்பினாரா இல்லையா என்பதற்குத்தான். எனவே 'ஆபரேஷன் பண்ணாட்டி இதையாவது பண்ணுங்கப்பா' என்று சலித்துக்கொண்டு பயிற்சியை அவர் கையில் கொடுக்காதீர்கள். இதுதான் வைத்தியம் என்று சொல்லிக் கொடுங்கள்.

தொடங்கும் முன் வீட்டிலேயே ஒன்று பார்க்க வேண்டும். அப்பாவைக் கையைத் தளர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் மெதுவாக அவர் கையைத் தூக்கிப் பாருங்கள். அவராகத் தூக்கும்போது பாதியில் நிற்கிற கை, நீங்கள் தூக்கும்போது மேலே வரை போகிறதா? போனால் பிரச்சினை தசைநாணில். நீங்கள் தூக்கினாலும் அதே இடத்தில் பூட்டுப் போட்டது போல நின்றுவிட்டால், அதோடு தோள் இறுக்கமும் சேர்ந்திருக்கலாம். ஃப்ரோஸன் ஷோல்டர் என்பார்களே, அது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும். அப்படியிருந்தால் முதலில் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும், பலப்படுத்துவது அப்புறம். எது முதலில் என்று தெரியாமல் தொடங்கி வலியை வாங்கிக்கொண்டு, 'பிசியோ எனக்கு ஒத்துவரல' என்று பாதியில் நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வேலை. இதில்தான் உங்கள் வீட்டில் சண்டை வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கரையில் கட்டி வைக்கிறோம். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் உங்கள் அப்பாவின் தோளுக்கு ஓய்வு என்பதே வருடம் முழுக்கக் கிடையாது. அதற்கு நாமாக ஒரு தடைக்காலம் போட வேண்டியிருக்கிறது. ஆனால் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுப் படுக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் மூன்றே வாரத்தில் தோள் இறுகிப்போகும். தடை சில வேலைகளுக்கு மட்டும்தான்.

முதல் ஆறு வாரம் எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றுவதோ கயிற்றை இழுத்துக் கிளப்புவதோ வலது கையால் கூடாது. ஒரே வெட்டில் முழுப் பலமும் தோளில் விழுகிற வேலை அது. வள்ளத்தைக் கரைக்குத் தள்ளுவது, ஐஸ் பெட்டியைத் தோளில் தூக்கி வைப்பது, நங்கூரம் இழுப்பது, இவையும் வேண்டாம். கடலுக்கே போகாமல் இருக்க முடிந்தால் முதல் மூன்று நான்கு வாரம் இருக்கட்டும். வலையிலிருந்து நண்டு கழற்றுவது, வலை பொத்துவது மாதிரி, முழங்கை விலாவை ஒட்டியும் கை நெஞ்சுக்குக் கீழேயும் இருக்கிற வேலை எல்லாம் தாராளமாகச் செய்யலாம். பங்கு குறையுமே என்ற கவலை நியாயமானது. கூட வருகிறவர்களிடம் முன்கூட்டியே பேசி, இழுக்கிற வேலையை அவர்களும் கழற்றுகிற வேலையை அப்பாவும் என்று மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். எத்தனையோ வள்ளங்களில் வயசானவர்களுக்கு இப்படித்தான் நடக்கிறது. அதைத் தோள் கிழிந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்று இல்லை.

திரும்ப வலை இழுக்கத் தொடங்கும்போது பழைய முறை வேண்டாம். கையை நீட்டி எட்டிப் பிடித்து இழுக்காமல், கயிறு வயிற்றுக்கு நேராக வரும்படி நின்று, முழங்கையை விலாவோடு வைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். காலும் முதுகும் இழுக்கட்டும், கை கொக்கியாக மட்டும் இருந்தால் போதும். நாற்பது வருடப் பழக்கம் ஒரு நாளில் மாறாது. பக்கத்தில் நிற்கிறவர்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

இனிப் பயிற்சி. இதை எழுத்தில் கற்றுத் தருவதில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. காரணம் சொல்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில், படம் போட்ட பயிற்சித் தாள் அச்சடித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கரைவலை இழுக்கிற ஒரு பெரியவர் இரண்டு மாதம் கழித்து வந்தார். வலி அப்படியேதான் இருந்தது. 'பயிற்சி செய்தீர்களா ஐயா' என்றேன். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். நான் மடித்துக் கொடுத்த மடிப்பு கலையாமல் இருந்தது. 'பத்திரமா வச்சிருக்கேன் டாக்டர்' என்றார். அவர் மேல் என்ன தப்பு? மருந்துச் சீட்டு போல அதையும் நினைத்துவிட்டார். அன்றிலிருந்து தாள் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி வைத்துக்கொண்டு, என் முன்னாலேயே செய்யச் சொல்லிவிடுவேன். நீங்களும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு தடவையாவது நேரில் போய்க் காட்டிக் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டில் செய்யுங்கள்.

ஒரு தடவை போதுமா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் இந்தத் தோள் நாண் பிரச்சினை உள்ள 708 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரு பிரிவினர் ஆறு தடவை வரை பிசியோதெரபிஸ்ட்டிடம் போனார்கள். இன்னொரு பிரிவினர் ஒரே ஒரு தடவை, ஒரு மணி நேரம் வரை உட்கார்ந்து நன்றாகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தினமும் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போய் வர முடியாத உங்களுக்கு இது நல்ல சேதி.

பயிற்சி எப்படிப் போகும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் கையை அசைய வைப்பது மட்டும். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டினால் கை தானாக ஊசலாடும். மல்லாந்து படுத்து, ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை தள்ள மற்றது மேலே போக வேண்டும். மேசை மேல் துண்டை வைத்து, கையை அதன் மேல் முன்னே தள்ளித் தள்ளி இழுக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் சேர்த்து ஐந்து விநாடி பிடித்து விடுவது. இது டீக்கடையில் உட்கார்ந்துகூடச் செய்யலாம்.

மூன்று வாரத்துக்குப் பிறகு பலம். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, புறங்கையால் கதவு நிலையைப் பத்து விநாடி அழுத்த வேண்டும். முழுப் பலத்தில் அல்ல, மூன்றில் ஒரு பங்குப் பலம். கை அசையாது, ஆனால் உள்ளே தசை வேலை செய்யும். இதைப் பத்துத் தடவை. ஆறாவது வாரம் வாக்கில் சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, அதே நிலையில் முன்கையை வெளிப்பக்கம் மெதுவாகத் திருப்பி, அதைவிட மெதுவாகத் திரும்ப விடுவது. பிறகு உள்பக்கம். பிறகு துடுப்புப் போடுவது போலப் பின்னால் இழுப்பது. பன்னிரண்டு, பதினைந்து தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். டெல்டாய்டுக்கு என்று தனியாக ஒன்று உண்டு. மல்லாந்து படுத்துக் கையை நேரே கூரையைப் பார்த்துத் தூக்கி நிறுத்துவது. படுத்திருக்கும்போது கையின் எடை குறைவாகத் தெரியும். அது சுலபமானதும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுங்கள். அப்புறம் முதுகுக்குத் தலையணை வைத்து, வாரா வாரம் கொஞ்சம் நிமிர்த்தி, கடைசியில் உட்கார்ந்தே தூக்க வைக்க வேண்டும்.

வலி வருமே? வரும். பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். நாலு வரை பரவாயில்லை, செய்யலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம். குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தாதீர்கள். முதல் மூன்று வாரம் எந்த மாற்றமும் தெரியாது என்பதையும் இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் முதலில் சரியாவது தூக்கம், பிறகு சட்டை போடுவது. பாரம் இழுக்கும் பலம் கடைசியில்தான் வரும்.

தூக்கத்துக்கு: வலிக்கிற பக்கம் படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்து, நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணையை அணைத்து, வலது கையை அதன் மேல் போட்டுக்கொள்ளட்டும். மல்லாந்து படுத்தால் முழங்கைக்குக் கீழே மடித்த போர்வை. கையைத் தலைக்கு மேலே போட்டுத் தூங்கும் பழக்கம் இருந்தால் அதை விட வேண்டும். ஒத்தடம் சூடா குளிரா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எது இதமாக இருக்கிறதோ அது. நொச்சி இலை போட்ட வெந்நீர் ஒத்தடமும் சரி, ஐஸ் பெட்டியிலிருந்து நாலு கட்டியைத் துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைப்பதும் சரி. சர்க்கரையால் தோலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை, ஊசி விஷயத்துக்கு வருவோம். ஊர் கிளினிக்கில் போட்ட ஐந்தாறு ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபினாக் வகையாக இருக்கும். அன்றைக்கு வலி அடங்கும், தோளுக்கு வேறு எதுவும் செய்யாது. பத்து வருடச் சர்க்கரை உள்ளவருக்கு இந்த வகை மருந்து அடிக்கடி போனால் சிறுநீரகத்துக்குக் கெடுதல். ரத்த அழுத்தம், வயிற்றுப் புண் இருந்தால் இன்னும் மோசம். இதுவரை பார்த்திராவிட்டால் ரத்தத்தில் கிரியாட்டினின் ஒரு தடவை பாருங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அது சொல்லும். ராத்திரி வலிக்குப் பாராசிட்டமால் அளவோடு போதும். உங்கள் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோள்மூட்டுக்குள் போடுகிற ஸ்டீராய்டு ஊசி வேறு. அதை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை, ஆனால் அவசரப்பட்டும் போடுவதில்லை. நான் சொன்ன இங்கிலாந்து ஆய்விலேயே ஊசி போட்டவர்களுக்கு முதல் எட்டு வாரத்தில் கொஞ்சம் நிம்மதி, ஒரு வருடம் கழித்து வித்தியாசம் இல்லை. அதனால் தூக்கமே இல்லாமல் பயிற்சியைத் தொடங்கவே முடியாமல் தவிக்கிறவருக்கு ஒரே ஒரு ஊசி, அந்த நிம்மதி இருக்கும் வாரங்களுக்குள் பயிற்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு நேரே வலை இழுக்கப் போனால், வலி தெரியாத தோளில் கிழிசல் பெரிதாகத்தான் வழி. திரும்பத் திரும்பப் போட்டால் நாணே பலவீனமாகும். அப்பாவுக்கு இன்னொன்று: ஊசி போட்ட பிறகு சில நாள், சில சமயம் ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறும். தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை ஏற்கெனவே கட்டுக்கடங்காமல் இருந்தால் முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் ஊசி. பின்னால் ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் ஊசிக்கும் அதற்கும் நடுவே மூன்று மாத இடைவெளி விடுவது நல்லது, கிருமித் தொற்று வாய்ப்பு குறையும். ஸ்டீராய்டு ஒத்துவராதவர்களுக்குத் தோளின் பின்பக்க நரம்பை மரக்க வைக்கும் ஊசி ஒன்று உண்டு. வலிக்கு மட்டும் உதவும்.

பி.ஆர்.பி. என்பது சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் தோளில் செலுத்துவது. ஆபத்து குறைவு, செலவு அதிகம். பாதிக் கிழிசலில் சிலருக்கு வலி குறைந்ததாக ஆய்வுகள் உண்டு, பயனே இல்லை என்ற ஆய்வுகளும் உண்டு. முழு ஆழக் கிழிசலை இது ஒட்ட வைக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கடன் வாங்கிப் போட வேண்டிய ஊசி இது இல்லை. ஸ்டெம் செல் என்று சொல்லி இன்னும் பெரிய தொகை கேட்பவர்களிடம் பேச்சே வேண்டாம். 'கரண்ட் வைப்பது', அல்ட்ராசவுண்டு மெஷின் வைப்பது எல்லாம் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், பயிற்சிக்கு மாற்றாகாது. பத்து நாள் கரண்ட் மட்டும் வைத்து அனுப்புகிற இடமாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள். ஷாக்வேவ் சிகிச்சை நாணில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்குப் பயன்படும், கிழிசலுக்கு அல்ல. நீவிவிட்டதில் வலி கூடியது என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் தடவி மேலாகத் தேய்த்துவிடுவதில் தவறில்லை. கையை முறுக்கி, சொடக்கு எடுத்து, இழுத்துவிடுவது கூடவே கூடாது.

சர்க்கரையும் பீடியும். இரண்டுமே நாணுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கெடுப்பவை. அப்பாவுக்குப் பீடி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்தப் பன்னிரண்டு வாரத்தில் நிறுத்தப் பார்க்கட்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரையான எச்.பி.ஏ.1.சி. எவ்வளவு என்று பார்த்து வையுங்கள். நாளைக்கு ஆபரேஷன் என்றாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இப்போது மதுரை டாக்டரின் பக்கம். பயிற்சியால் வலி போனாலும் கிழிசல் அப்படியே நிற்கும் என்று உறுதி இல்லை. வலியில்லாத கிழிசல்களை ஐந்து ஆண்டுபோலத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் ஏறத்தாழப் பாதி பெரிதாகியிருந்தன. நார்வேயில் 3 செ.மீ. வரையிலான கிழிசல் உள்ள 103 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தைத்தார்கள், மறுபாதிக்குப் பயிற்சி. பயிற்சிக்காரர்களில் கால்வாசிப் பேர் பிறகு ஆபரேஷனுக்கு மாறினார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது தைத்தவர்களின் தோள் கொஞ்சம் மேலாகவே இருந்தது. இன்னும் பத்து வருடம் வலை இழுக்கப்போகிற 58 வயதுக்காரருக்குத் தைத்துவிடலாம் என்று ஒரு டாக்டர் நினைப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் தைத்தால் ஆறு வாரம் கை தொட்டிலில், பாரமான வேலைக்குத் திரும்ப ஆறு மாதம். அதே பயிற்சியை அப்போதும் செய்தாக வேண்டும். மூன்று மாதம் கடலுக்குப் போகாமல் இருக்க முடியாது என்று சொல்லி ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

எனவே பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் தூக்கம் திரும்பவில்லை, கை தோளுயரத்துக்கு வரவில்லை என்றால் ஆபரேஷனைப் பற்றி மறுபடி பேசுங்கள். நன்றாக ஆகிவிட்டாலும் ஒரு வருடத்தில் ஒரு தடவை அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுத்துக் கிழிசலின் அளவைப் பாருங்கள். முழு ஆழக் கிழிசலைப் பார்க்க, கைதேர்ந்தவர் செய்தால் அதுவே போதும், எம்.ஆர்.ஐ.யைவிடச் செலவும் குறைவு.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. வள்ளத்தில் வழுக்கி விழுந்தோ, கயிறு சட்டென்று இழுத்தோ, நேற்று வரை தூக்கிய கை இன்றைக்குத் தூக்கவே வரவில்லை என்றால், பழைய கிழிசல் ஒரேயடியாக அறுந்திருக்கலாம். 'வீக்கம் வடியட்டும், ஒரு மாசம் பார்ப்போம்' என்று உட்காரக் கூடாது. சில நாளுக்குள் டாக்டரிடம் போக வேண்டும், அப்போது சீக்கிரம் தைப்பதே நல்லது. தோளோடு காய்ச்சலும் வீக்கமும் வந்தாலும், கழுத்திலிருந்து விரல் வரை மரத்துப்போனாலும் அப்படியே. நெஞ்சு அழுத்தத்தோடு தோள் வலித்தால் அது தோள் வைத்தியமே அல்ல, 108-ஐ அழையுங்கள்.

எங்கே போவது? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டி, பிசியோதெரபிக்கு எழுதி வாங்குங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. சர்க்கரை மாத்திரையும் அதிலேயே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பின்னால் ஆபரேஷன் என்று வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். எந்த மருத்துவமனையில் எது அதில் சேரும் என்பதை அங்கே உள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம்.

அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். 'கத்தி வைக்க விடமாட்டேன்' என்கிறாரே, பயம் கத்தி மேல்தானா, இல்லை ஆறு மாதம் வள்ளம் கரையில் கிடக்குமே என்றா? என்னிடம் வருகிற பெரும்பாலோருக்கு இரண்டாவதுதான். அப்படியென்றால் அவரோடு ஸ்கேனைப் பற்றிப் பேச வேண்டாம், வள்ளத்தைப் பற்றிப் பேசுங்கள். எஞ்சினை யார் கிளப்புவது, வலையை யார் இழுப்பது, நண்டை யார் கழற்றுவது என்று இந்த வாரமே முடிவாகட்டும். ஒரு நோட்டில் இன்றைய தேதியைப் போட்டு, ராத்திரி எத்தனை தடவை எழுந்தார், சட்டையைத் தானாகப் போட்டாரா என்று மட்டும் எழுதி வாருங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து டாக்டரிடம் போகும்போது எம்.ஆர்.ஐ. ஃபிலிமோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். நானாக இருந்தால் முதலில் நோட்டைத்தான் வாங்கிப் பார்ப்பேன்.